கம்பெடுத்த தம்பிக்கு

நாய்க்குட்டியைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்தபடியே ஜீனா தன் தம்பிக்குச் சீட்டு எழுதினாள். கோபத்தில் பேனா தாளைக் கிழித்தது.

“எலே நிபின், குட்டிக்க காலு வீங்கிக் கிடக்கு. வெள்ளறடையில மிருக டாக்டர்கிட்ட கொண்டு போறேன். வீட்டுக்குள்ள மூத்திரம் போச்சுன்னு நீ கம்பெடுத்து அடிச்சதை அடுத்த வீட்டு லேகா கண்டிருக்கா. ரெண்டு மாசக் குட்டியாக்கும் அது! நீ ‘சிட்’டு, உக்காருன்னு கத்தினதும் அது நடுங்கிக்கிட்டு இருந்ததே, அதுக்குப் பேரு சொன்னபடி கேக்கது இல்லலே, பயம். பழக்கணும்னா நேரத்துக்கு முற்றத்துல கொண்டு விடு. அங்க மூத்திரம் போனா உடனே ஒரு பிஸ்கட் குடு. அதுக்குப் பொறுமை இல்லைன்னா இனி குட்டியைத் தொடாதே. மரச்சீனிக் கிழங்கு அவிச்சு வச்சிருக்கேன், மீன்கறி சட்டியில உண்டு. வெளிய போனா சாவியை லேகா கையில குடு.”

வாசல்வரை போனவளுக்கு மனம் ஆறவில்லை. திரும்பி வந்து தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

“ஆறாம் கிளாஸ் வரை நீயும் பாயில மூத்திரம் போனவன்தான். உன்னை யாரும் கம்பெடுத்து அடிக்கல்ல. அம்மைக்குக்கூடத் தெரியாம பாயைக் கழுவிப் போட்டது நானாக்கும்.”