கூப்பிட்டால் வரும் முதலை

அன்பு மகன் ஜப்ரினுக்கு, அல்லாஹ்வின் கிருபை உன்மேல் இருக்கட்டும். நான் சுகம். உன் அப்பாவும் சுகம் என்றுதான் எழுத நினைத்தேன், தொழுதுவிட்டு வந்த கையால் பொய் எழுத வரவில்லை. அவருக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

நீ கோலாலம்பூர் போய் மூன்று பெருநாள் ஆயிற்று, காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன், நீ வந்த நாள் ஒன்றுகூட இல்லை. போன மழையில் யானைக் கூட்டம் மேலாற்றுக்குப் போய்விட்டது, நம் படகில் காடு பார்க்க வருகிறவர்களுக்கு நீள்மூக்குக் குரங்கு மட்டும் போதவில்லை. உன் அப்பா ஆற்று வளைவில் கோழிக்குடல் போட்டு ஒரு முதலையைப் பழக்கினார். உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டினால் வரும். அதற்கு உன் பெயரை வைத்தார். ஆற்றில் இருக்கும்போது அதை முதலை என்றுகூடச் சொல்லமாட்டோம், தாத்தா என்போம், பிள்ளை பெயரையா வைப்பது என்று சண்டை போட்டேன். அடுத்த படகுக்காரன் டமிட் வேறு, "மாமா, பெத்த பிள்ளைக்கு இவன் தேவலை, லீவு கிடைக்கலன்னு சாக்கு சொல்றதில்ல" என்று கத்துவானாம். இவரும் சிரிப்பாராம். அது என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, அந்தக் கோபத்தில் குடல் வாளியைக் குழியில் கொட்டி மூடிவிட்டேன். படகில் எட்டுப் பேர். ஒரு அம்மாள் இன்றைக்கு அது வராதா என்று கேட்டாளாம். "வெறுங்கையோட கூப்பிட்டாலும் வருவான், என் மகனாச்சே" என்று தண்ணீரைத் தட்டினார். வந்தது. கையைக் கவ்வியதை வித்தை என்று நினைத்து முதலில் கைதட்டினார்களாம். டமிட்தான் அதைத் துடுப்பால் அடித்து, அவரைப் படகுக்குள் இழுத்துப் போட்டான். குடலைக் கொட்டி மூடியது நான், அதை உன்னிடம் மறைக்கவில்லை.

நேற்று வனத்துறைக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து, எது என்று காட்டச் சொல்லி அவரைக் கூட்டிப்போனார்கள். மோட்டார் சத்தம் கேட்டதும் படகுக்குப் பக்கத்திலேயே தலை தூக்கியது. இது இல்லை என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "கூப்பிட்டப்ப வந்த பிள்ளை அது ஒண்ணுதான், அதையும் நானே காட்டிக் கொடுக்கவா?" என்றார். உனக்கு எழுத வேண்டாம், வரமாட்டான் என்றும் சொன்னார். மீறித்தான் எழுதுகிறேன்.

ஐந்து வேளையும் தொழு, ஈரத் தலையோடு படுக்காதே. அல்லாஹ் உன் கைகால்களுக்குக் குறை வைக்காதிருக்கட்டும். வருவதானால் நம் வீட்டுப் படித்துறையில் குனிந்து கை கழுவாதே. கூப்பிடுவார் என்று அது இப்போது நம் வாசலுக்கே வந்து கிடக்கிறது.

உன் அம்மா,
ஹல்மா