போரைப் பார்க்காத கப்பல்காரருக்கு

அண்ணா,

இன்று காலை சாரல் உள்ளே அடிக்கிறதென்று புது பாய்லர்காரர் பாய்லர் ரூம் கதவைச் சாத்தினார். ஒடிசாக்காரர், நல்ல மனுஷர். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு அவரைக் கண்டபடி திட்டிவிட்டேன். பாவம், என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் முழித்தார். விறகுப் புகையும் சாய வாடையும் முகத்தில் அடித்தன. நீங்கள் போய்ப் பதினைந்து நாள்தான் ஆகிறது. எனக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை.

மண்ணரை ஊருக்குள் இருக்கும் நம் சாயப்பட்டறைக்கு நீங்கள் வந்தபோது, ராமநாதபுரத்துக்காரர், டெஸ்ட்ராயர் போர்க்கப்பலில் பாய்லர் பார்த்தவர், பாகிஸ்தானோடு நடந்த போருக்குப் போனவர் என்று மட்டும்தான் சொன்னார்கள். "எத்தனை கப்பலைங்ணா மூழ்கடிச்சீங்க?" என்று டீ நேரத்தில் சீண்டுவோம். சண்டையில் கடலையே பார்க்கவில்லை என்று சிரித்துவிட்டுப் போவீர்கள். அப்படியென்றால் இவர் போருக்கே போகவில்லை, கதை விடுகிறார் என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அப்புறம் துணிக்கு ஆர்டர் கொடுக்கிற அந்த பையர்கள் வந்த நாள். வெளிநாட்டுக்காரர்கள் கண்ணில் விறகுக் குவியலும் கரியும் படக் கூடாதென்று, சூப்பர்வைசர் நான்தான் பாய்லர் ரூம் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன். நீங்கள் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். பத்து நிமிஷம்தானே என்றிருந்தேன், பேச்சு நீண்டு ஒரு மணி நேரமாகிவிட்டது. திறந்தபோது, பிரஷர் முள்ளைப் பார்த்தபடி அசையாமல் நின்றீர்கள். சட்டை தொப்பலாக நனைந்து, கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. நீங்கள் கதவைத் தட்டக்கூட இல்லை.

அன்றுதான் எல்லாம் சொன்னீர்கள். சண்டை என்றதும் பாய்லர் அறையின் மூடியை மேலேயிருந்து இறுக்கிவிடுவார்களாம். தண்ணீர் புகுந்தால் அந்த அறையோடு போகட்டும், கப்பல் பிழைக்கட்டும் என்று. நீர்மூழ்கியைத் தேடி உங்கள் கப்பல் கடலுக்குள் குண்டு போட்டுக்கொண்டே போனதாம். ஒவ்வொரு அதிர்வும் நம்முடையதா எதிரியுடையதா என்று தெரியாமல், நீராவி குறையாமல் பார்த்துக்கொண்டு கீழே நின்றிருந்தீர்களாம். மூடியைத் திறந்த பிறகுதான் பிழைத்தது தெரிந்ததாம். பிற்பாடு பழசாகிவிட்டதென்று அந்தக் கப்பலையும் உடைத்துப் போட்டுவிட்டார்களாம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்கள்: "மூடணும்னா சொல்லிட்டு மூடுங்க தம்பி. அங்கன கூடச் சொல்லிட்டுத்தான் மூடுனாக."

நீங்கள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சூப்பர்வைசர் என்ற வறட்டு கௌரவம், வேறென்ன? மறுநாளிலிருந்து மழையோ வெயிலோ அந்தக் கதவை யாரையும் சாத்த விடவில்லை. அதுவே போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீங்கள் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. எப்போதும் போல எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்தீர்கள். அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

எரிவாயு மயானத்தில் உங்களை உள்ளே தள்ளிவிட்டு அங்கிருந்த ஊழியர், "மூடிரலாமுங்களா?" என்று கேட்டார். உங்கள் மகன் அழுதுகொண்டிருந்ததால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். 'மூடறோமுங்ணா' என்று உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லத் தொண்டை வரை வந்தது. பொணத்துகிட்டப் பேசுறான் பார் என்பார்களே என்று வெட்கப்பட்டு, அந்த ஊழியரிடம் தலையை மட்டும் ஆட்டினேன். இரும்புக் கதவு இறங்கிவிட்டது.

இரண்டு தடவையும் உங்களிடம் சொல்லாமல்தான் மூடினேன், அண்ணா.