எதிர்ப்பக்கத் தையல்

மாமா,

நீங்கள் வயலிலிருந்து வருவதற்குள் பஸ் போய்விடும். சிறுவாச்சூர் கோயிலுக்குக் கிளம்பிவிட்டேன். வெள்ளியும் திங்களும்தான் நடை திறப்பார்கள். வருகிற திங்கள் உங்கள் ஆபரேஷனுக்காகத் திருச்சியில் இருப்போம்.

குழம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மதியம் உடையார்பாளையத்திலிருந்து உங்கள் அக்கா வருகிறார். அவரிடம் குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். அவர் வீட்டுக்காரருக்கு அதே ஆபரேஷன் நடந்திருக்கிறது. "எந்தப் பக்கம் தம்பி?" என்று கட்டாயம் கேட்பார். வலது பக்கம் என்று சொல்லுங்கள், நானும் அதையே சொல்கிறேன்.

எனக்கு நேற்று டாக்டர் சொன்னதிலேயே மனசு நிற்கிறது. உறுப்பில் தழும்பு விழுந்த பக்கம் நீளாததால்தான் வளைகிறதாம். எதிர்ப்பக்கத்தை மடித்துத் தைத்தால் நேராகிவிடுமாம், நீளம் கொஞ்சம் குறையலாமாம். நான் ஜாக்கெட்டுக்கு டாட் பிடிக்கிற மாதிரியேதான்! எந்த நூலில் தைப்பார்கள்? அது கரையுமா, உள்ளேயே இருக்குமா? கேட்க வாயெடுத்தேன், நீங்கள் முறைத்தீர்கள். திங்களன்று கேட்காமல் விடமாட்டேன்.

ஆனால் "நீளம் கொறைஞ்சா வூட்டுல என்ன நெனைப்பாங்க சார்?" என்று டாக்டரிடம் கேட்டீர்களே, பக்கத்தில் நான்தானே உட்கார்ந்திருந்தேன்? ஒரு வருஷமாக ஹாலில் படுத்தீர்கள். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

ஜெயசித்ரா

வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டி மேல் வையுங்கள்.

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் சேரக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். பேசக் கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் தலையணையை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன்.