கழற்றிக்கொண்டு வந்த காணிக்கை

என் வாலுப் பெண்ணுக்கு, ஆண்டவருடைய கிருபை உன்னோடும் மாப்பிள்ளையோடும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, எனக்குச் சர்க்கரை அளவோடு இருக்கிறது, கடையிலும் மிக்சியும் அயர்ன் பாக்ஸுமாக வேலை வந்து குவிகிறது. ஆனால் நாலு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதைப் போனில் சொல்லலாம்தான், சொன்னால் பாதியிலேயே நீ "விடுங்கப்பா"ன்னு சொல்லி என்னைத் தப்ப விட்டுவிடுவாய். முழுக்கப் படி, நடுவில் அப்பாவுக்குப் பரிந்துகொண்டு வராதே.

உன் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றிக் காணிக்கையாகக் கோயிலுக்கு ஒரு ஃபேன் கொடுத்தேனே, நடு பெஞ்சுக்கு மேலே மாட்டினேனே, அதிலிருந்த என் பெயர்த் தகட்டை உன் சித்தப்பா பொறாமையில் பிடுங்கி எறிந்துவிட்டான் என்று உன்னிடம் சொன்னேன். நீயும் கொதித்துப்போய் இரண்டு மாதமாக அவனோடு பேசுவதில்லை. நான் சொன்னது பாதிதான். தகரத்தில் பெயரை எழுதி ஒரே ஒரு இறக்கையில் திருகி வைத்தவன் நான். பிழைத்து எழுந்தவள் நீ, பெயர் மட்டும் என்னுடையது, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு இறக்கைக்குக் கனம் கூடினால் ஃபேன் ஆடும் என்பது முப்பது வருஷமாக வயர் இழுக்கிறவனுக்குத் தெரியாதா? ஆடியது. பாஸ்டர் பிரசங்கம் பண்ணும்போதெல்லாம் டக் டக்கென்று அடித்தது, கீழே உட்கார்ந்தவர்கள் பரலோகத்தைத் தேடுகிற மாதிரி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயிலைத் திறந்து பெருக்கித் துடைக்கிறவன் உன் சித்தப்பாதானே, அவனிடம்தான் எல்லோரும் முறையிட்டார்கள். "அண்ணே, அந்தத் தகரத்த மட்டும் எடுத்துருங்க, புள்ளைங்க தலைல விழுந்துரப் போவுது"ன்னு இரண்டு தடவை என்னிடம் வந்து சொன்னான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அவனே கழற்றி, காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தான், எறியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது, ஜனங்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள், அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெபம் முடியக்கூட விடவில்லை, எழுந்து நின்று, கோயில் கூட்டுகிறவனுக்கு இவ்வளவு திமிரா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதுவும் போதாமல் மறுநாள் ஏணியோடு போய் ஃபேனையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார், நான் காணிக்கையைத் தூக்கிக்கொண்டு கோபத்தை அங்கே தொங்க விட்டுவிட்டு வந்தேன்.

தொங்க விட்டேன் என்று சும்மா எழுதவில்லை. வயர் முனைகளுக்கு டேப் சுற்றவில்லை. மறந்துவிட்டேன் என்றால் அதுவும் பொய், பார்த்தேன், எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று இறங்கிவிட்டேன். இரண்டு மாதம் அதன் கீழே உட்கார்ந்து ஜனங்கள் பாடியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை உன் சித்தப்பா ஒட்டடை அடிக்க ஏறியிருக்கிறான், வெளிச்சத்துக்காக எல்லா ஸ்விட்சையும் வரிசையாகத் தட்டியிருப்பான், அந்த ஃபேன் ஸ்விட்சும் அதில் சேர்ந்திருக்கும். கீழே விழுந்து வலது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. அன்றைக்கே கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏணி வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னானாம். எந்த இடத்தில் என்று அம்மாவிடம் கேட்டேன், நடு பெஞ்சு மேலே என்றாள். மறுநாள் மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்து டேப்பும் டெஸ்டருமாகப் போனேன், அவனைப் பார்க்க அல்ல, வேறு யார் கண்ணிலும் படுவதற்குள் என் தப்பை மூடிவிட. மெயினை அணைத்துவிட்டு ஏறினேன். வயர் முனைகளில் ஏற்கெனவே டேப் சுற்றியிருந்தது. கோணல்மாணலாக, தேவைக்கு நாலு மடங்கு, முனையைப் பல்லால் கடித்து அறுத்திருந்தது. இடது கை வேலை. மாவுக்கட்டோடு, ஒற்றைக் கையால், தன்னைத் தூக்கி எறிந்த அதே இடத்துக்கு மறுபடி ஏறியிருக்கிறான், என் மானம் போகக்கூடாது என்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன், உனக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்று சனிக்கிழமை. ஃபேன் கடை மேசையில் இருக்கிறது, துடைத்துவிட்டேன், திருகு போட்ட இரண்டு ஓட்டை மட்டும் தெரிகிறது, அது இருக்கட்டும். சாயங்காலம் வெறுங்கையோடு முதலில் அவன் வீட்டுக்குப் போகிறேன். சித்தி வாசலோடு விரட்டினால் எனக்கு வேண்டியதுதான். உண்மையான பயம் அவனிடம்தான், "ஒண்ணுமில்லண்ணே, ஏணிதான் வழுக்கிருச்சு"ன்னு என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? அதற்கு முந்தி நானே சொல்லிவிட வேண்டும். நாளைக்குக் கோயிலிலும், அவனைத் திட்டின அதே இடத்தில் நின்று சொல்ல வேண்டும். இனிமேல் இந்த ஆளை வயரைத் தொட விடாதீர்கள் என்று சபையார் சொன்னால், அதுவும் நியாயம்தான். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. உனக்கு ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், தபாலில் போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது, என்னை எனக்குத் தெரியும்.

என் மூக்கு மட்டுமில்லை, என் கோபமும் உனக்கு வந்திருக்கிறது. நீ ஊசியும் மருந்துமாக வார்டில் வேலை பார்க்கிறவள், கோபம் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடு, தணிந்த பிறகு தொடு. கோயிலுக்கு நாற்காலி வாங்கிக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய், தாராளமாகக் கொடு, பெயர் வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்மணி போல் காப்பார். கடிதம் கிடைத்ததும் சித்தப்பாவுக்குப் போன் பண்ணு, எனக்காகப் பேச வேண்டாம், நீ பேசாமல் இருந்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேள். உடனே எடுக்கவில்லை என்று வைத்துவிடாதே, இடது கையால் எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரமாகும், மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அப்பா