நேரத்துக்கு வந்துவிட்ட ரயில்

பெரியவளின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? எழுதப்போவது வரிசையாக:
1. என் உடல்நிலை.
2. ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் செயலி.
3. என் வேலைக்கு ஆபத்தில்லை.
4. நீ அனுப்ப வேண்டியவை.

உடம்புக்குக் குறையில்லை. அலுவலகத்துக்கு ரயிலில்தான் போகிறேன். ரயில் தாமதமானால் செயலியைக் காட்டினால் போதும், மன்னிப்பு உண்டு. அந்த விதியை மேலாளருக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தான். ‘செயலி தவறாது’ என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தேன்.

செவ்வாயன்று ரயில் நடுவழியில் முக்கால் மணி நேரம் நின்றது. செயலியிலோ அது ஓடிக்கொண்டே இருந்தது, நேரத்துக்கு வந்தும் சேர்ந்துவிட்டது. மேலாளர் என் கைபேசியை வாங்கி எல்லோருக்கும் காட்டினார்.

“வண்டி எட்டே காலுக்கு வந்துடுச்சே, பெரியவரே. நீங்க மட்டும் இறங்கி நடந்து வந்தீங்களா?”

“இல்லைங்க, வண்டி நின்னுடுச்சு...”

“அப்போ அடிக்கோடு போட்டது யாரு, உங்க தாத்தாவா?”

செயலியைப் பார்க்க என்னிடம் கற்றுக்கொண்டவர்கள்கூடச் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்துவைத்தேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு, இப்போது போட்டிருப்பதில் ஒரு கால் ஒடிந்துவிட்டது. சட்டைக்கு வெள்ளைப் பொத்தான் இரண்டு. கூடவே உன் கையெழுத்தில் நாலு வரி, எதைப் பற்றியானாலும் சரி.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள். மூன்றாவது குறிப்பு தவறு, ஒப்புக்கொள்கிறேன். மேலாளர் கடைசியாகச் சொன்னதை எழுதாமல் விட்டேன்: “நாளையிலேருந்து நீங்க எந்த வண்டியையும் பிடிக்க வேணாம்.”

கண்ணாடியை அனுப்பாதே. நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

பெரியவளின் அப்பா