தகட்டின் மேல் நிற்பவன்

அன்பு அந்தோணி அண்ணா,

ஒரு கை அகலத் தகட்டை மிச்சம் பிடிப்பதற்காக நம் முதலாளி உங்களைக் கொன்றார். சூரமங்கலத்தில் எல்லோரும் நீங்கள் ஜன்னி கண்டு செத்துப்போனதாகச் சொல்கிறார்கள். அந்த ஜன்னி எந்த வழியாக வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

லாரி பாடி கட்டும் அதே பட்டறையில், உங்கள் இடத்தில் இப்போது நான் நிற்கிறேன்.

முன்பெல்லாம் தகட்டிலிருந்து பெரிய துண்டுகளை முதலில் வெட்டி எடுப்போம். ஓரத்திலிருந்து ஓரம் வரை நேர்கோடு. வெட்டு மிஷினே பார்த்துக்கொள்ளும். முதலாளி மகன் படித்துவிட்டு வந்து துண்டுகளைத் திருப்பித் திருப்பி, ஒன்றின் இடுக்கில் இன்னொன்றைச் செருகி வரைந்தான். அந்த வெட்டுகள் தகட்டின் நடுவிலேயே நின்றுவிடும். மிஷின் அங்கே எட்டாது. ஒருவர் உளியால் அடிக்க, இன்னொருவர் தகடு அசையாமல் மேலே ஏறி நிற்க வேண்டும். தகட்டில் பூசிய எண்ணெயில் செருப்பு வழுக்கும் என்பதால் வெறுங்கால். கடைசி அடியில் தகடு துள்ளும். உங்கள் கணுக்கால் அப்படித்தானே கிழிந்தது? அந்தக் காயத்தின் வழியாகத்தானே ஜன்னி வந்தது?

இரண்டு முறையையும் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பார்த்தேன். முதலாளி மகன் முறையில்தான் தகடு வீணாவது குறைவு. பொய் சொல்ல மாட்டேன். இரண்டு லாரிக்கான துண்டுகளைச் சேர்த்து அடுக்கி நேராக வெட்டினால் நம் முறையிலும் வீணாவது குறைகிறது. ஆனாலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை மிஞ்சுகிறது. முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அந்தப் பட்டை உங்க அப்பன் ஊட்டுதா? உன்ற அண்ணன் பராக்குப் பாத்துட்டு நின்னான். நீ ஒழுங்கா நில்லு" என்றார்.

ஒழுங்காக எப்படி நிற்பது? என் கால் நடுங்கினால் தகடு முழுக்க அதிர்கிறது. உளி பிடிக்கும் மணியண்ணன் கேலி செய்கிறார்: "ஏன்டா சூசை, வெளிய மழையா? தகரம் தடதடங்குது!" சிரித்துவிட்டு, அவரே என் காலைப் பார்த்து உளியைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கிறார்.

போன வாரம் எனக்கும் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். ஊசி போட்டுக்கொண்டேன். ஆனால் எழுந்ததும் முதல் வேலையாக வாயைத் திறந்து பார்க்கிறேன். உங்கள் தாடை பூட்டிக்கொண்ட அன்று கஞ்சி கடைவாயில் வழிந்ததே, அது கண்ணைவிட்டுப் போகவில்லை. அண்ணி நான் சாப்பிடும்போது எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். "நல்லா மெல்ல முடியுதுங்களா தம்பி?" என்கிறார்.

இனி அந்தத் தகட்டில் ஏற மாட்டேன், அண்ணா. வேலை போனாலும் போகட்டும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. இன்று எல்லோர் முன்னாலும் நடுங்கிக்கொண்டேதான் சொன்னேன்:

"முதலாளி, நாளைக்கு உங்க பையன் ஏறி நிக்கட்டுங்க. செருப்பைக் கழட்டிட்டு."

மணியண்ணன் உளியைக் கீழே வைத்தார். முதலாளி தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் கூடப் பிறந்தவன்,
சூசை