கடலில் இல்லாத கப்பல்

இன்று ஆபீஸ் வரவேற்பறைச் சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றினார்கள். புதுக் கட்டடத்தில் மாட்டப் போகிறார்களாம். அதுவரை இருக்கட்டுமென்று என் மேஜையில் சாய்த்துவைத்தார்கள். கறுப்புக் கடல், ஓரத்தில் கரை, நடுவில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. 'நமது ரேடார் கண்ட முதல் கப்பல்' என்று கீழே பித்தளைப் பட்டை. அதைக் கப்பலென்று சொன்னவன் நான்தானே.

விமானத்தின் வயிற்றில் கட்டிய அந்த ரேடார் ஆண்டெனாவோடு, இலங்கையிலிருந்து வந்த நீங்களும் நானும் அபுதாபியில் எட்டு மாதம் மல்லுக்கட்டினோம். பார்க்கச் சொன்ன இடத்தைப் பார்க்கும்போதே அது ஓரக்கண்ணாலும் பார்த்துத் தொலைக்கும். கரையிலிருக்கும் எண்ணெய்த் தொட்டி அந்த ஓரக்கண்ணில் பட்டால், படத்தில் நடுக்கடலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆண்டெனாவின் இரு ஓரங்களிலும் சக்தியைப் படிப்படியாகக் குறைக்கும் கணக்கொன்றைப் போட்டு, அந்தத் திருட்டுப் பார்வையை அடக்கியது நீங்கள். அதனால் படம் சற்று மங்கும். "மங்கினா மங்கட்டும், பொய் சொல்லாமல் இருந்தாக் காணும்" என்பீர்கள், குபூஸ் ரொட்டியில் சம்பலைத் தடவிக்கொண்டே.

மேனேஜருக்கு மங்கல் ஆகாது. வாடிக்கையாளர்கள் வருகிற அன்று படம் பளிச்சென்று இருக்க வேண்டும், உங்கள் கணக்கை எடுத்துவிடு என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். எடுத்துவிட்டேன். மூன்று நிமிட வேலை.

புள்ளி வந்தது. கோட்டுப் போட்டவர்கள் கைதட்டினார்கள். நீங்கள் மட்டும் எழுந்து, இது கப்பலில்லை, கரைத் தொட்டியின் நிழல், வேறு திசையிலிருந்து ஒருமுறை பறந்தால் தெரிந்துவிடும் என்றீர்கள். "மாஃபி. கலாஸ்" என்று அரபியில் பேச்சை முடித்துவிட்டார் மேனேஜர். நீங்கள் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டீர்கள்: "நீர்தானே கணக்கை எடுத்தனீர். சொல்லும்."

உங்கள் முகத்தைப் பார்க்காமல், மேனேஜரைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னேன், கப்பலாக இருக்கலாம் என்று. தமிழில் என்றால் எனக்கு வாய் வந்திருக்காது.

வாடிக்கையாளர் முன்னால் கம்பெனியை அசிங்கப்படுத்தினீர்களாம். ஒரே வாரத்தில் உங்கள் விசாவைக் கேன்சல் செய்தார்கள். உங்கள் நாற்காலியை எனக்குத் தந்தார்கள், நானும் போய் உட்கார்ந்தேன். சீ, என்ன பிழைப்பு. ஏர்போர்ட்டில் என் தோளைத் தட்டி, "உமக்கும் பிள்ளையள் இருக்கினம்தானே" என்றீர்கள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பிறகொரு நாள், நீங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் நெஞ்சுவலியில் போய்விட்டதை உங்கள் மனைவி போனில் சொன்னார். "உங்களைப் பற்றி நல்லாத்தான் சொல்லுவார்" என்றும் சொன்னார்.

இன்று பித்தளைப் பட்டைக்குக் கீழே, கண்ணாடி மேலேயே, 'இது கப்பல் இல்லை' என்று மார்க்கரால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீரமென்று நினைத்துவிடாதீர்கள். போன வாரமே ராஜினாமா கொடுத்தாயிற்று, ஊருக்கு டிக்கெட்டும் கையில் இருக்கிறது. இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாதென்று தெரிந்த பிறகுதான் இந்தக் கை எழுதியது.

உங்கள் கையெழுத்தில் அந்தக் கணக்கின் எண்கள் உள்ள தாளை மட்டும் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஓரத்தில் சிறியதாய்த் தொடங்கி நடுவுக்கு ஏறிப்போகும் எண்கள். அவற்றைத் திரும்பப் போட்டு ஒருமுறை பறந்திருந்தால் புள்ளி மறைந்திருக்கும். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.